1602/மாஸ்/98: ஒரு மாத்திரையின் வழக்கு

மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வகை போன் நன்றாகப் பழக்கம். ஊரிலிருந்து, பல வருஷமாகப் பேசாத தூரத்துச் சொந்தம் யாராவது கூப்பிடுவார்கள். சௌக்கியமா என்பார்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கும். "டாடாவுக்குப் போகச் சொல்லியிருக்காங்க. பரேல் உங்க வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

டாடா என்றால் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி. அதற்குமேல் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. ஹாலில் ஒரு பாயை விரித்து வைத்துவிட்டு, தாதர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான்.

இந்தப் பதிவு புற்றுநோய் மாத்திரை ஒன்றைப் பற்றியது. நான் காமர்ஸ் படித்தவன். பத்தாம் வகுப்போடு பயாலஜிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன். எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். காரணம் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்.

2004-ம் வருஷம் ஆரம்பம். நான் வங்கியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சயான் பக்கம் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தேன். தாராவியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். பெயர் வேண்டாம், கிளையில் எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதான். மராத்திக்கார கேஷியர் உட்பட.

அன்று அவர் கையில் மூன்று எஃப்.டி. ரசீது.

"தம்பி, இதெல்லாம் இப்ப முறிச்சா எவ்வளவு தேறும்?"

"எதுக்கு அண்ணாச்சி? இன்னும் எட்டு மாசத்துல மெச்சூர் ஆயிடும். இப்ப முறிச்சா வட்டி போயிடும்."

அவர் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு வருஷமாக இந்தியக் கம்பெனி கேப்ஸ்யூல் ஒன்று சாப்பிட்டு வந்தாள். மாசம் பத்தாயிரத்துக்குள் செலவு. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, வேலைக்குக்கூடப் போகிறாள். இப்போது மருந்துக்கடைக்காரர் கையை விரிக்கிறார். "சரக்கு வரலன்னு சொல்லுதான் தம்பி. ஏதோ கேஸாம். வெளிநாட்டுக் கம்பெனி மருந்துதான் இனி கிடைக்குமாம்."

"அது எவ்வளவு?"

"மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம்."

கால்குலேட்டரைத் தட்டினேன். பெனால்டி போக மூன்று ரசீதும் சேர்ந்து மூன்றரை லட்சம் சொச்சம். அதாவது மூன்று மாசத்துக்குக்கூட முழுசாக வராது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வியாபாரிதானே, அந்த வகுத்தல் கணக்கு அவருக்கும் தெரியும்.

அந்த 'ஏதோ கேஸ்' என்ன என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்ததுதான் பல வருஷமாக எனக்கு ஒரு பைத்தியமாக இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் தொடங்கியது

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம். பீட்டர் நோவெல் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ரத்தப் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தகட்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது, செல்கள் உப்பி, உள்ளே இருந்த குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிந்தன. குரோமோசோம் என்பது நம் உடம்பின் லெட்ஜர் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லிலும் 46 புத்தகம். டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்பவரோடு சேர்ந்து பார்த்ததில், நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் (சுருக்கமாக சி.எம்.எல்.) வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. 1960-ல் இதை வெளியிட்டார்கள். ஊர்ப் பெயராலேயே அதற்கு 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்று பெயர் வந்தது.

ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் கோளாறுக்கும் முடிச்சு போட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் குட்டையான துண்டு எங்கே போயிற்று? தொலைந்ததா, வேறெங்காவது ஒட்டிக்கொண்டதா?

விடை கிடைக்க 13 வருஷம் ஆயிற்று. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர். நாலு பிள்ளைகளுக்கு அம்மா. குரோமோசோம் போட்டோக்களை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் கத்தரித்து ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்களாம். அந்த விளையாட்டில்தான் 1973-ல் அவர் கண்டுபிடித்தார்: துண்டு தொலையவில்லை. 22-ம் நம்பர் குரோமோசோமின் துண்டு 9-ம் நம்பரில் போய் உட்கார்ந்திருக்கிறது. 9-ம் நம்பரின் துண்டு 22-க்கு வந்திருக்கிறது. பண்டமாற்று.

எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கணக்கில் போட வேண்டிய என்ட்ரி இன்னொரு கணக்கில் போய்விட்டது. தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு மரபணுக்கள் சேர்ந்து 'பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.' என்ற புதுப் புரதத்தை உண்டாக்குகின்றன. அதன் வேலை, வெள்ளை அணுக்களைப் பார்த்து "பெருகு, பெருகு" என்று ஓயாமல் உத்தரவு போடுவது. அணைக்க முடியாத ஸ்விட்ச். 1990-ல் இந்த மரபணுவை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கும் அதே மாதிரி நோய் வந்தது. குற்றவாளி யார் என்பது உறுதியாயிற்று.

ஸ்விட்சை மட்டும் அணைக்கும் மருந்து

அதுவரை புற்றுநோய் மருந்து என்றால் கண்டபடி கொல்லும் மருந்து. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் சாகும். புற்று செல்லும் சாகும், முடி வேரும் சாகும், குடலின் உள்சுவரும் சாகும். சி.எம்.எல். வந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். பொருத்தமான தானம் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இல்லாவிட்டால் பெரும்பாலும் சில வருஷங்கள்தான்.

ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி என்ற கம்பெனி. அங்கே அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோரின் குழு வேறு விதமாக யோசித்தது. அந்தத் தப்பான புரதம் வேலை செய்ய ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். அது வந்து உட்காரும் குழியை அடைத்துவிட்டால்? யுர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர், ஒரு மூலக்கூறை எடுத்து அங்கே ஒரு கொத்தைச் சேர்த்து, இங்கே ஒரு கொத்தை மாற்றி, பூட்டுக்குச் சாவி ராவுவதுபோல ராவினார். அந்தச் சாவிதான் பின்னால் இமாடினிப் என்று பெயர் பெற்றது.

பிரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க டாக்டர் இதை சி.எம்.எல். செல்களில் சோதித்தார். புற்று செல்கள் செத்தன, நல்ல செல்கள் பிழைத்தன. 1996-ல் முடிவுகள் வெளியாயின. அதே வருஷம் சீபா-கைகியும் சாண்டோசும் இணைவதாக அறிவித்து நோவார்ட்டிஸ் என்ற கம்பெனி பிறந்தது. புதுக் கம்பெனிக்குத் தயக்கம். இந்த நோய் அபூர்வம், நோயாளிகள் குறைவு, போட்ட காசு வருமா? எந்தக் கிரெடிட் கமிட்டியும் கேட்கிற கேள்விதான், அதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியாது.

1998 ஜூனில் முதல் நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை முழுசாகச் சரியான நிலைக்கு வந்தது. 54-க்கு 53! மருத்துவ ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட மார்க் யாரும் வாங்கியதில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். செய்தி இன்டர்நெட்டில் பரவி, எங்களுக்கும் மருந்து கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகள் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனியும் உற்பத்தியை முடுக்கியது. 2001 மே 10 அன்று அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த மாதமே டைம் பத்திரிகை அட்டையில் அந்தக் கேப்ஸ்யூல் படம் வந்தது.

நோயின் பெயரைக் கேட்டாலே உயில் எழுதிய காலம் போய், பிரஷர் மாத்திரைபோல தினமும் ஒன்று போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற காலம் வந்தது. 1,106 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், இமாடினிப்பில் தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இது 2017-ல் வெளியான கணக்கு.

இதுவரை கதை ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, பாசல் என்று போயிற்று. இனிமேல் நம்மூர்.

மாஸ் என்றால் மெட்ராஸ்

1998 ஜூலை 17-ம் தேதி, சென்னையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவாயிற்று. நம்பர் 1602/மாஸ்/98. மாஸ் என்றால் ரஜினி பட மாஸ் இல்லை, மெட்ராஸின் சுருக்கம் :-) விண்ணப்பித்தது நோவார்ட்டிஸ்.

எதற்கு விண்ணப்பம்? இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். மூலக்கூறான இமாடினிப்புக்கு 1990-களின் தொடக்கத்திலேயே மற்ற நாடுகளில் காப்புரிமை கேட்டு, வாங்கியும் ஆயிற்று. சிம்மர்மன் காப்புரிமை என்று அதற்குப் பெயர். இந்தியாவில் அன்றைக்கு மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது, அதனால் இங்கே இல்லை. சென்னையில் கேட்டது, அந்த இமாடினிப்பின் உப்பான இமாடினிப் மெசிலேட்டின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. பீட்டா படிகம் என்று பெயர். கற்கண்டும் சர்க்கரையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒன்று, உருவம் வேறு.

இந்தியாவில் ஏன் காப்புரிமை கிடையாது? அதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார்.

சுதந்திரம் வந்த பிறகும் நம் நாட்டில் 1911-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காப்புரிமைச் சட்டமே ஓடிக்கொண்டிருந்தது. மருந்து விலை உலகத்திலேயே அதிகமாக இருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதை அமெரிக்க செனட் கமிட்டி ஒன்றே சொன்னது. சட்டத்தை ஆராய 1957-ல் மத்திய அரசு நியமித்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. இந்தியாவில் கொடுத்த காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில். அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. அதாவது இங்கே தயாரிக்க அல்ல, மற்றவர் தயாரிக்காமல் தடுக்கவே காப்புரிமை. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு வாடகை கேட்ட மாதிரி.

அவர் பரிந்துரையை ஒட்டி வந்ததுதான் 1970-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். 1972-ல் அமலுக்கு வந்தது. மருந்துக்கு, பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் அதிகபட்சம் ஏழு வருஷம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவர் தாராளமாகச் செய்யலாம். ஹைதராபாத்திலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் மருந்துக் கம்பெனிகள் முளைத்து வளர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

1995-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தோம். மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும், அதற்கு 2005 வரை அவகாசம் என்று ஒப்பந்தம். இடைப்பட்ட பத்து வருஷத்தில் வரும் விண்ணப்பங்களை ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று முடிவாகாத தொகையை அதில் நிறுத்தி வைப்போம். 1602/மாஸ்/98 அப்படிப்பட்ட ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் படுத்திருந்தது.

ஆனால் சும்மா படுத்திருக்கவில்லை. பெட்டியில் கிடக்கும் விண்ணப்பத்துக்கு, முடிவாகும் வரை பிரத்யேக விற்பனை உரிமை கேட்கலாம் என்று ஒரு விதி. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு அது கிடைத்தது. அதை வைத்து இந்தியக் கம்பெனிகள்மேல் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் சில கம்பெனிகளுக்குத் தடை விதித்தது. இன்னொரு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. ஒரே மருந்து, ஒரே உரிமை, இரண்டு ஊரில் இரண்டு தீர்ப்பு. அந்தக் குழப்பத்தில்தான் அண்ணாச்சி மூன்று ரசீதோடு என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அன்று அவர் ஒரு ரசீதை மட்டும் முறித்தார். ஒரு மாசத்துக்கு. "அடுத்த மாசம் என்னன்னு அடுத்த மாசம் பாத்துக்கிடலாம் தம்பி" என்று எழுந்து போனார். இரண்டாவது ரசீது முறிவதற்குள் எங்கிருந்தோ இந்திய மருந்து மறுபடி கிடைத்துவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

மூன்று (டி)

2005-ல் புதுச் சட்டம் வந்தது. அப்போது மன்மோகன் சிங் அரசு இடதுசாரிகள் ஆதரவில் நின்றது. அவர்கள் பேரம் பேசிச் சேர்த்த விஷயங்களில் முக்கியமானது பிரிவு 3(டி). தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டும் என்றால், பழையதைவிட அதன் பலன் கூடியிருக்க வேண்டும். உப்பை மாற்றினேன், படிகத்தை மாற்றினேன் என்றால் போதாது.

இந்த வடிவ மாற்று வேலைக்கு மருந்து உலகில் ஒரு பெயர் உண்டு: எவர்கிரீனிங். காப்புரிமை முடியும் நேரத்தில் சின்ன மாற்றம் செய்து இன்னொரு காப்புரிமை வாங்கி, என்றும் பசுமையாக வைத்துக்கொள்வது. இந்த வார்த்தையை முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் தொழிலிலும் அதே வார்த்தை இருக்கிறது. திரும்பி வராத கடனை, புதுக் கடன் கொடுத்துப் பழைய கணக்கை அடைத்தமாதிரி காட்டி, புத்தகத்தில் பசுமையாக வைத்திருப்பதற்கு அதே பெயர்தான். ரிசர்வ் வங்கி ஆடிட் வரும்போது நாங்கள் கேட்டு நடுங்குகிற வார்த்தை. இரண்டு இடத்திலும் ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: இது உண்மையிலேயே புதுசா, பழசுக்கு நம்பர் மட்டும் மாறியிருக்கிறதா?

பெட்டி திறந்தது. 1602/மாஸ்/98-ஐ எதிர்த்து ஐந்து பேர் மனு போட்டார்கள். நாட்கோ, சிப்ளா, ரான்பாக்ஸி, ஹெட்டிரோ என்று நான்கு கம்பெனிகள். ஐந்தாவது, 1969-லிருந்து மும்பையில் இயங்கும் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற தொண்டு நிறுவனம். கம்பெனிகளுக்கு வியாபாரம். தொண்டு நிறுவனத்துக்கு, வாசலில் வரிசையில் நிற்கும் நோயாளிகள்.

2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. கோப்பைப் பார்த்து முடிவு எழுதியவர் ஒரு உதவிக் கட்டுப்பாட்டு அதிகாரி. உலகத்தின் மிகப் பெரிய மருந்துக் கம்பெனிகளில் ஒன்றுக்கு 'இல்லை' என்று எழுதிய கை. அரசு அலுவலகக் கோப்புகளைப் பற்றி நாம் ஆயிரம் கிண்டல் செய்கிறோம். சில கோப்புகளுக்கு எழுந்து நிற்கலாம்.

நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிராகரிப்பு தப்பு என்றதோடு நிற்காமல், பிரிவு 3(டி)யே அரசியல் சட்டத்துக்கும் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கும் விரோதம் என்றது. இப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தப் பிரிவு விழுந்தால் எய்ட்ஸ் மருந்திலிருந்து எல்லா மலிவு மருந்துக்கும் ஆபத்து. ஆப்பிரிக்க நாடுகளுக்கே இந்தியாதான் மருந்துக்கடை. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு, வழக்கைக் கைவிடச் சொல்லி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கியது.

2007 ஆகஸ்ட் 6. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு மனுவைத் தள்ளியது. வர்த்தக ஒப்பந்தத்தை மீறினோமா என்பதை அதற்கான உலக அமைப்பில் போய்க் கேளுங்கள், அது எங்கள் வேலை இல்லை. பிரிவும் தெளிவற்றது அல்ல, பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன் என்று யாருக்கும் புரியும். சாராம்சம் இவ்வளவுதான்.

அடுத்து தேனாம்பேட்டையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். 2009 ஜூனில் அது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பீட்டா படிகம் புதுசுதான், கண்டுபிடிப்புதான், ஆனாலும் 3(டி)யைத் தாண்டவில்லை என்றது. கூடவே, மாசம் 1,20,000 ரூபாய் என்ற விலையையே ஒரு காரணமாக எழுதியது. (அந்த வாரியமே 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது.)

ஏப்ரல் ஒன்று

கடைசியாக உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய். தீர்ப்பு 2013 ஏப்ரல் 1, திங்கட்கிழமை.

வங்கிக்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. வருஷக் கணக்கு முடிப்பு. கதவு பொதுமக்களுக்கு மூடியிருக்கும், உள்ளே நாங்கள் டிரையல் பாலன்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். நான் அப்போது புனே கிளைக்கு மாற்றலாகியிருந்தேன். கேன்டீன் டி.வி.யில் ஓடிய வரியைப் பார்த்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டேன். நோவார்ட்டிஸின் மனு தள்ளுபடி.

தீர்ப்பைப் பிற்பாடு உட்கார்ந்து படித்தேன். நூற்றுப் பத்து பக்கத்துக்கு மேல். ஒரு காமர்ஸ்காரனுக்குப் பிடித்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கம்பெனி சொன்னது, பழைய சிம்மர்மன் காப்புரிமையில் மெசிலேட் உப்பு வெளிப்படுத்தப்படவில்லை, ஆகவே எங்களுடையது புதுசு. நீதிமன்றம் பழைய ஏடுகளைப் புரட்டியது. அமெரிக்காவில் மெசிலேட் மருந்துக்காகக் காப்புரிமைக் காலத்தை நீட்டச் சொல்லி இதே கம்பெனி காட்டியது சிம்மர்மன் காப்புரிமையைத்தான். பிரிட்டனில் நாட்கோவின் மெசிலேட் மருந்தை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டதும் அதே சிம்மர்மன் காப்புரிமையை வைத்துத்தான். அங்கே "உள்ளே இருக்கிறது", இங்கே "உள்ளே இல்லை". வருமான வரிக்கு ஒரு பாலன்ஸ் ஷீட், லோனுக்கு ஒரு பாலன்ஸ் ஷீட் கொண்டுவரும் பார்ட்டிகளை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது.

அடுத்தது பலன். பீட்டா படிகம் நன்றாக உதிர்கிறது, ஈரம் அதிகம் இழுப்பதில்லை, கெடாமல் இருக்கிறது. சரி, தயாரிக்கவும் சேமிக்கவும் வசதி. நோயாளிக்கு என்ன? உடம்பில் 30 சதவீதம் அதிகம் சேர்கிறது என்றார்கள். அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. அந்த ஆதாரம் இல்லை. அவ்வளவுதான்.

அதே மாதம் உலகம் முழுக்க இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்கள், இந்த மருந்துகளின் விலை தாங்க முடியாதது என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் 2001-ல் வருஷத்துக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த இமாடினிப், 2012-ல் 92,000 டாலர். ஆராய்ச்சிச் செலவெல்லாம் எடுத்து முடித்த பிறகும் விலை மூன்று மடங்கு. நான் படித்த காஸ்ட் அக்கவுன்டன்ஸியில் இதற்கு ஃபார்முலா இல்லை.

கம்பெனி பக்கத்தையும் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். இந்த மருந்து அவர்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. துணிந்து பணம் போட்டார்கள். இந்தியாவில் அந்த மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேருக்கு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு, இலவசமாகவே கொடுத்ததாகத் தீர்ப்பின்போது சொன்னார்கள். அதனால் பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காப்புரிமையே வேண்டாம் என்றால் அடுத்த சிம்மர்மனுக்கு யார் சம்பளம் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் கையில் இருக்கிறது. கடையில் வாங்கக்கூடிய விலை என்பது நம் கையில் இருக்கிறது. அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம்

இன்றைக்கு இமாடினிப் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது (2015-ல் சேர்த்தார்கள்). நம் அரசின் பட்டியலிலும் இருக்கிறது. நோய் நீண்ட காலம் அடங்கிக் கிடக்கும் சிலர், டாக்டர் கண்காணிப்பில் மருந்தையே நிறுத்திப் பார்க்கலாம் என்பதும் தெரியவந்திருக்கிறது. 2010-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அப்படி நிறுத்தியவர்களில் சுமார் நாற்பது சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் வரை நோய் திரும்பவில்லை. (தயவுசெய்து யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள்!)

இமாடினிப் திறந்த கதவு வழியாக எத்தனையோ குறிவைத்த மருந்துகள் வந்துவிட்டன. இப்போது நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே வெளியே எடுத்து, புற்று செல்லைத் தேடிக் கொல்லும்படி பழக்கி, திரும்ப ஏற்றுகிறார்கள். கார்-டி சிகிச்சை என்று பெயர். வெளிநாட்டில் மூன்று, நாலு கோடி ஆகிற அதை மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, 2023-ல் அனுமதி கிடைத்து, 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தொடங்கி வைத்தார். விலை முப்பது, நாற்பது லட்சம் என்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு. பெருமைதான். ஆனாலும் என் மேஜைக்கு வருகிற ஆட்களின் எஃப்.டி. ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அந்தத் தொகை வராது. பழைய கேள்வி புது நம்பரோடு மறுபடி வந்து நிற்கிறது.

அன்று, அந்த ஏப்ரல் ஒன்றாம் தேதி, கணக்கெல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். மகள் நன்றாக இருக்கிறாளாம், கல்யாணமாகி காட்கோபரில் குடித்தனம். உச்ச நீதிமன்றம், பீட்டா படிகம், 3(டி) என்று நான் உற்சாகமாக ஐந்து நிமிஷம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மாத்திரை வெல ஏறாதுல்லா?"

"ஏறாது அண்ணாச்சி."

"அது போதும். நீ சாப்பிட்டு படு."

பி.கு: இது ஒரு வங்கிக்காரன் படித்துப் புரிந்துகொண்ட வரலாறு, மருத்துவ ஆலோசனை அல்ல. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், டாக்டர் எழுதிய மருந்தின் ஜெனரிக் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மருந்து பல பிராண்டில், பல விலையில் கிடைக்கும். எதை வாங்கலாம் என்று அவரிடமே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அந்த ஒரு கேள்வியில் ஒரு எஃப்.டி. ரசீது முறியாமல் பிழைக்கலாம்.